நீண்டுபோன கண்

விரிவுரை அரங்கின் கடைசி வரிசையில் இருக்கும் மாணவி கண்ணை இடுக்கிக்கொண்டு பலகையைப் பார்க்கிறார். கலங்கிக் கிடந்த எழுத்து ஓரளவு தெளிகிறது. கண்ணை அகலத் திறந்தால் மறுபடி கலங்குகிறது. வெளிச்சம் அதிகமாக உள்ளே போனால் நன்றாகத் தெரிய வேண்டும் என்றுதான் நாம் நினைப்போம். இங்கே நடப்பது நேரெதிர். அதே மாணவி விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால், மாத்திரை அட்டையின் பின்புறம் இருக்கும் காலாவதித் தேதியைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்கருகே வைத்துச் சட்டென்று வாசித்துவிடுவார். அம்மா கையை நீட்டி நீட்டிப் பார்த்துக் கைவிட்ட எழுத்து அது.

‘படிச்சுப் படிச்சுப் பார்வை குறைஞ்சுபோச்சு’ என்பது வீட்டார் பேச்சு. குறைந்துபோன பார்வை இவ்வளவு பொடி எழுத்தை எப்படி வாசிக்கிறது? இந்தப் புதிருக்கும், இடுக்கிய கண்ணின் புதிருக்கும் விடை ஒன்றே. அது பிடிபட்டால், கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ், லேசர் என்று கல்லூரி வயதில் வரிசையாக முன்வந்து நிற்கும் வழிகள் எதைத் திருத்துகின்றன, எதைத் தொடுவதே இல்லை என்பதும் விளங்கிவிடும்.

திரை தள்ளிப்போன கொட்டகை

பலகையில் உள்ள ஒரு புள்ளியிலிருந்து ஒளி எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. அதில் ஒரு கற்றை கண்ணின் நடுவே உள்ள கண்மணி என்ற துளை வழியாக உள்ளே நுழைகிறது. கண்ணின் முகப்பில் கார்னியா என்னும் ஒளிபுகும் படலமும், கண்மணிக்குப் பின்னால் விழி லென்சும் உள்ளன. விரிந்து வந்த கதிர்களை இவை இரண்டும் வளைத்து மறுபடி ஒரே புள்ளியில் கூட்டுகின்றன. வளைக்கும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கார்னியாவே செய்கிறது. கதிர்கள் கூடும் இடத்தில் விழித்திரை இருந்தால் புள்ளி புள்ளியாகவே பதியும்; எழுத்து எழுத்தாகத் தெரியும்.

ஊரோரத்து டூரிங் கொட்டகையை நினைத்துக்கொள்ளுங்கள். படம் ஓட்டும் கருவியைத் திரைக்கு ஏற்றபடி சரியாக வைத்தாயிற்று. யாரோ திரையை மட்டும் இரண்டடி பின்னுக்கு நகர்த்திக் கட்டிவிட்டார்கள். கருவியில் ஒரு குறையும் இல்லை, படச்சுருளும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் படம் கலங்கித்தான் விழும். தெளிவான படம் திரைக்கு முன்னால் வெறும் காற்றில் உருவாகி, மேற்கொண்டு விரிந்துகொண்டே போய்த் திரையில் மோதுகிறது.

கிட்டப்பார்வை, அதாவது மயோபியா, பெரும்பாலும் இதுதான். கண் முன்பின்னாக நீண்டு, திரை பின்னால் போய்விடுகிறது. வளர்ந்தவரின் கண் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளம். அது 1 மில்லிமீட்டர் கூடினாலே சுமார் இரண்டரை முதல் மூன்று ‘பவர்’ வரை ஏறிவிடும். ‘மைனஸ் ஆறு’ போட்டிருக்கும் மாணவருடைய கண்ணின் மிகை நீளம் இரண்டு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

மாத்திரை அட்டையின் புதிர் இத்துடன் அவிழ்கிறது. ஒரு பொருள் கிட்டே வர வர, அதன் தெளிவான பிம்பம் கண்ணுக்குள் பின்னோக்கி நகரும். நீண்ட கண்ணில் விழித்திரையும் பின்னால்தானே இருக்கிறது! அதனால் அண்மைப் பொருளின் பிம்பம் முயற்சியே இல்லாமல் சரியான இடத்தில் விழுந்துவிடுகிறது. அம்மாவின் சிக்கல் வேறு. வயதாகும்போது விழி லென்ஸ் இறுகி, கிட்டே பார்ப்பதற்காகத் தன் வடிவை மாற்றிக்கொள்ளும் திறனை இழந்துவிடுகிறது. அதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம்.

கண்ணை இடுக்கும்போது என்ன நடக்கிறது? விழித்திரைக்கு முன்பே கூடிய கதிர்கள் மீண்டும் விரிந்து, புள்ளிக்குப் பதிலாக ஒரு வட்டத் திட்டாகப் பதிகின்றன. பக்கத்துப் பக்கத்துத் திட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படர்வதுதான் கலங்கல். நுழையும் கற்றை மெலிந்தால் திட்டும் சிறுத்துவிடும். இமைகளின் இடுக்கு அந்தக் கற்றையை மெலிய வைக்கிறது. ஓர் அட்டையில் குண்டூசியால் துளையிட்டு, கண்ணாடி இல்லாமல் அதன் வழியே தூரத்துப் பெயர்ப்பலகையைப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். கண் மருத்துவமனைகளிலும் இதே துளைத் தட்டு ஒன்று வைத்திருக்கிறார்கள். துளை வழியே பார்த்ததும் எழுத்து தெளிந்தால், ஒளி கூடும் இடத்தில்தான் குறை இருக்கிறது, கண்ணாடி உதவும் என்று பொருள். தெளியாவிட்டால் விழித்திரையிலோ நரம்பிலோ வேறு எங்கேனுமோ தேட வேண்டும்.

சீட்டில் எழுதிய எண்

‘உன் பவர் என்ன?’ என்று கேட்டால் கண்ணாடி போட்ட எந்த மாணவரும் உடனே பதில் சொல்வார். அந்த எண் எதன் அளவு என்று கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான். அது டயாப்டர் என்னும் அலகு. 1872இல் பெர்டினாண்ட் மொனுவாயே என்ற பிரெஞ்சுக் கண் மருத்துவர் முன்மொழிந்தது. கிட்டப்பார்வைக்காரருக்கு அந்த எண் நேரடியாக ஒரு தூரத்தைச் சொல்கிறது. மைனஸ் ஒன்று என்றால், கண்ணாடி இல்லாமல் 1 மீட்டர் வரை தெளிவாகத் தெரியும், அதற்கப்பால் கலங்கும். மைனஸ் இரண்டுக்கு 50 சென்டிமீட்டர். மைனஸ் நான்குக்கு 25 சென்டிமீட்டர். மைனஸ் ஆறுக்கு ஒரு சாண்கூட வராது, சுமார் 17 சென்டிமீட்டர். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, புத்தகத்தை மெல்லத் தள்ளிக்கொண்டே போய், எழுத்து கலங்கத் தொடங்கும் இடத்தை அளவு நாடாவால் அளந்தால் உங்கள் எண்ணை நீங்களே ஏறத்தாழக் கண்டுபிடித்துவிடலாம்.

இவையெல்லாம் எப்படித் தெரிய வந்தன? விழித்திரையில்தான் பிம்பம் விழுகிறது, அதுவும் தலைகீழாக விழுகிறது என்று 1604இல் முதன்முதலில் சரியாக விளக்கியவர் வானியலாளர் யோகான்னஸ் கெப்ளர். அவருக்கே பார்வைக் குறை உண்டு. குழி லென்ஸ் ஏன் கிட்டப்பார்வைக்கு உதவுகிறது என்பதையும் அதே நூலில் சொன்னார். சில ஆண்டுகளில் கிறிஸ்டோஃப் ஷைனர் என்ற யேசு சபைத் துறவி, இறந்த விலங்கின் கண்ணின் பின்சுவரைச் சீவி எடுத்துவிட்டு, அங்கே தலைகீழ்ப் பிம்பம் விழுவதைக் கண்ணாரப் பார்த்தார். கிட்டப்பார்வைக்குக் காரணம் கண்ணின் நீளம் என்பது 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் உறுதியானது. வியன்னாவின் ஃபெர்டினாண்ட் ஃபான் ஆர்ல்ட் இறந்தோரின் கண்களை ஆராய்ந்து அதைக் காட்டினார். இன்று யாரும் கண்ணை அறுக்க வேண்டியதில்லை. ஒளிக்கதிர் ஒன்றை உள்ளே செலுத்தி, விழித்திரையிலிருந்து திரும்பி வரும் ஒளியைக் கொண்டு நீளத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு நுட்பத்தில் அளந்துவிடும் கருவி இருக்கிறது. தொடுவதும் இல்லை, வலியும் இல்லை.

ஆக்ஸ்ஃபோர்டில் 32 பேர்

படிப்புக்கும் கிட்டப்பார்வைக்கும் தொடர்பு உண்டு என்ற சந்தேகம் பல்கலைக்கழகத்தில்தான் பிறந்தது. 1813இல் ஜேம்ஸ் வேர் என்ற லண்டன் கண் மருத்துவர் ஒரு கணக்கை வெளியிட்டார். ஆக்ஸ்ஃபோர்டின் ஒரு கல்லூரியில் இருந்த 127 பேரில் 32 பேர் மூக்குக்கண்ணாடியோ, கையில் பிடித்துப் பார்க்கும் கண்ணாடியோ வைத்திருந்தார்கள். அதே சமயம், ஏறத்தாழ 10,000 பேர் கொண்ட மூன்று காலாட்படைப் பிரிவுகளில், 20 ஆண்டுகளில் இந்தக் குறைக்காகப் பணியிலிருந்து நீக்கப்பட்டவர்கள் ஆறு பேர்கூட இல்லை. 1867இல் ப்ரெஸ்லாவ் நகரத்தில் ஹெர்மன் கோன் என்ற கண் மருத்துவர் 10,060 பள்ளிப் பிள்ளைகளின் கண்களைச் சோதித்தார். வகுப்பு ஏற ஏறக் கிட்டப்பார்வையும் ஏறியது. கைபேசியும் கணினியும் இல்லாத காலத்துக் கணக்குகள் இவை. இன்று எல்லாப் பழியையும் திரைகளின்மேல் போடுகிறோம். கோளாறு அவற்றைவிட மூத்தது.

127இல் 32 என்ற அந்த விகிதம் இரு நூற்றாண்டுகளில் எங்கே போய் நின்றது தெரியுமா? ஷாங்காயில் 5,060 பல்கலைக்கழக மாணவர்களைச் சோதித்து 2012இல் வெளியான ஆய்வில் 95.5 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை. ஐந்தில் ஒருவருக்கு மைனஸ் ஆறையும் தாண்டியது. அதே ஆண்டில் வெளியான இன்னொரு கணக்கு, சியோலில் ராணுவப் பரிசோதனைக்கு வந்த 19 வயது இளைஞர்களில் 96.5 விழுக்காடு என்றது.

இங்கே கவனமான வாசகர் குறுக்கிடுவார். படிப்பு கண்ணைக் கெடுக்கிறதா, அல்லது கிட்டப்பார்வையோடு பிறந்த பிள்ளைகள் விளையாட்டை விட்டுப் புத்தகத்தை நாடுகிறார்களா? வசதியும் பரம்பரையும் எல்லாவற்றையும் குழப்புகின்றனவே?

இதைப் பிரித்தறிய ஆய்வாளர்கள் பல வாசல்களைத் தட்டினார்கள். இஸ்ரேலின் வைதீக யூதக் குடும்பங்களில் ஆண்பிள்ளைகள் சிறு வயதிலிருந்தே நாளெல்லாம் மறைநூல் வாசிப்பார்கள். பெண்பிள்ளைகளுக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. பரம்பரையும் சமூகமும் ஒன்று, வாசிப்பின் அளவு மட்டும் வேறு. 1993இல் வெளியான ஆய்வில் அந்த ஆண்பிள்ளைகளில் சுமார் 81 விழுக்காட்டினருக்கும், பெண்பிள்ளைகளில் சுமார் 36 விழுக்காட்டினருக்கும் கிட்டப்பார்வை இருந்தது. அலாஸ்காவின் வடகோடியில் வாழும் எஸ்கிமோ மக்களிடம் 1969இல் நடந்த ஆய்வு இன்னொரு வாசலைத் திறந்தது. பள்ளிக்கூடம் பார்க்காத தாத்தா பாட்டிகளிடம் கிட்டப்பார்வை அரிது; பள்ளிக்குப் போன பேரப்பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது வந்துவிட்டது. இரண்டு தலைமுறைக்குள் மரபணுக்கள் இப்படி மாற வழியில்லை.

கடைசி வாசல் மரபணு வழியாகவே திறந்தது. நீண்ட காலம் படிக்கும் போக்கோடு தொடர்புடைய மரபணு வேறுபாடுகள் உண்டு. கிட்டப்பார்வையோடு தொடர்புடையவையும் உண்டு. யாருக்கு எது வாய்க்கும் என்பது பிறக்கும்போதே தற்செயலாக முடிந்துவிடுகிறது. பின்னால் வரும் வசதி, வறுமை எதுவும் அதை மாற்றாது. பிரிட்டனில் சுமார் 68,000 பேரின் தரவைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வு இதைப் பயன்படுத்திக்கொண்டது. படிப்புக்குரிய மரபணு வேறுபாடுகள் கொண்டவர்களுக்குக் கிட்டப்பார்வையும் கூடியிருந்தது. கிட்டப்பார்வைக்குரிய வேறுபாடுகள் கொண்டவர்கள் கூடுதலாகப் படித்துவிடவில்லை. அம்பு படிப்பிலிருந்து கண்ணை நோக்கித்தான் போகிறது. ஒவ்வோர் ஆண்டுப் படிப்புக்கும் சராசரியாக 0.27 டயாப்டர் ஏற்றம். 16 வயதில் பள்ளியை விட்டவரைவிடப் பட்டதாரியின் எண் குறைந்தது ஒரு டயாப்டராவது கூடுதல்.

அளவு பார்த்து வளரும் உறுப்பு

படித்தால் கண் ஏன் நீள வேண்டும்? பிறந்த குழந்தையின் கண் 17 மில்லிமீட்டர்தான் இருக்கும். அது வளர்ந்து, தன் லென்சுகளின் வளைவுக்குச் சரியாகப் பொருந்தும் நீளத்தில் நிற்க வேண்டும். மில்லிமீட்டரில் சில பங்கு தவறினாலும் பார்வை கலங்கும். இவ்வளவு துல்லியம் குருட்டாம்போக்கில் வராது.

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. மூளையின் பார்வைப் பகுதி எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்தவர் டார்ஸ்டன் வீசல். பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர். அதற்காகக் குரங்குக்குட்டிகளின் ஒரு கண் இமையைத் தைத்து மூடி வளர்த்தார்கள். தைத்த கண் மற்றதைவிட நீண்டுபோயிருந்தது. அவரும் உடன் ஆராய்ந்த எலியோ ரவியோலாவும் 1977இல் இதை வெளியிட்டார்கள். தைத்த இமை அழுத்தியதால் நீண்டிருக்குமோ? அதையும் சோதித்தார்கள். அதேபோல இமை தைத்த குட்டிகளை இருட்டில் வளர்த்தபோது கண் நீளவில்லை. ஆக, காரணம் தையல் இல்லை, இமைத்தோல் வழியே கசிந்து வந்த கலங்கல் ஒளி.

அடுத்து நியூயார்க்கில் ஜாஷ் வால்மன் என்ற ஆய்வாளர் கோழிக்குஞ்சுகளை எடுத்துக்கொண்டார். கண்ணின் பாதிப் பார்வையை மட்டும் மங்கலான மறைப்பால் மூடினால், அந்தப் பாதிக்கு உரிய கண்சுவர் மட்டும் வளர்ந்தது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பை வெட்டிய பிறகும் இது நடந்தது. அப்படியானால் மூளையின் உத்தரவு தேவையில்லை. பிம்பம் எங்கே கூடுகிறது என்று விழித்திரையே கண்டறிந்து, பக்கத்துச் சுவருக்கு ‘வளர்’ அல்லது ‘நில்’ என்று செய்தி அனுப்புகிறது. குஞ்சின் கண்ணுக்கு முன் மைனஸ் லென்ஸ் பொருத்திப் பிம்பத்தைப் பின்னுக்குத் தள்ளினால், கண் நீண்டு அதை எட்டிப்பிடித்தது. பிளஸ் லென்ஸ் வைத்தால் வளர்ச்சி மட்டுப்பட்டது.

மணிக்கணக்காகப் புத்தகத்தைக் கிட்டே வைத்துப் படிக்கும்போது பிம்பம் விழித்திரைக்குச் சற்றுப் பின்னால் நின்றுவிடுவதுண்டு. வளரும் கண்ணுக்கு அது ‘இன்னும் நீள்’ என்ற செய்தியாகலாம். அதைவிட வலுவான சான்று வெளிச்சத்தின் பக்கம் இருக்கிறது. சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிப் பிள்ளைகளை, 6, 7 வயதினரை, 2008இல் ஒப்பிட்டார்கள். சிங்கப்பூரில் 29.1 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3. சிட்னிப் பிள்ளைகள் குறைவாகப் படித்தவர்களும் அல்லர். பெரிய வேறுபாடு, அவர்கள் வாரத்துக்குச் சுமார் 14 மணி நேரம் வெளியில் இருந்தார்கள், சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3 மணி நேரம்.

வகுப்பறையின் வெளிச்சம், லக்ஸ் என்னும் அலகில், சில நூறு. வெளியே மரநிழலிலேயே அது பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். வெயிலில் லட்சத்தைத் தொடும். பிரகாசமான ஒளியில் விழித்திரை டோபமைன் என்ற வேதிப்பொருளைக் கூடுதலாகச் சுரக்கிறது. அது கண்ணின் நீளலைத் தடுக்கிறது என்று விலங்குச் சோதனைகள் காட்டுகின்றன. மனிதர்களிடமும் பயன் தெரிந்தது. சீனாவின் குவாங்சோவில் 12 தொடக்கப் பள்ளிகளில் சிலவற்றில் தினமும் 40 நிமிட வெளிப்புற வகுப்பு கூடுதலாக வைத்தார்கள். மூன்றாண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அங்கே 30.4 விழுக்காடு, மற்றப் பள்ளிகளில் 39.5. தைவானில் இடைவேளையில் பிள்ளைகளை வகுப்பறையை விட்டு வெளியே அனுப்பிய பள்ளியில் ஓராண்டில் 8.41 விழுக்காடு, அனுப்பாத பள்ளியில் 17.65.

மூன்று வழிகள், ஒரே வேலை

கல்லூரி வயதில் இந்த வளர்ச்சி பெரும்பாலும் முடிந்திருக்கும். ஆனால் ‘18 வயதுக்குப் பிறகு பவர் ஏறாது’ என்பது சரியில்லை. நார்வேயின் பொறியியல் மாணவர்களை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது சராசரியாக அரை டயாப்டர் மைனஸ் பக்கம் நகர்ந்திருந்தார்கள். ஆகவே முதலாண்டில் போட்ட கண்ணாடியோடே இறுதியாண்டு வரை ஓட்டுவது நல்ல யோசனை ஆகாது.

கண்ணாடி எளிய வழி. நடுவில் மெலிந்து ஓரத்தில் தடித்த குழி லென்ஸ், கதிர்களைக் கண்ணுக்குள் போகும் முன்பே சற்று விரித்துவிடுகிறது. அதனால் அவை கூடும் இடம் பின்னுக்குத் தள்ளிப்போய் விழித்திரையில் விழுகிறது. எண் ஏற ஏற ஓரம் தடிப்பதால்தான் ‘சோடாபுட்டி’ என்ற கேலி. ‘கண்ணாடி போடப் போடப் பவர் ஏறும்’ என்ற அச்சம் இன்னும் பலருக்கு உண்டு. மலேசியாவில் இதைச் சோதித்து 2002இல் வெளியிட்டார்கள். ஒரு தொகுதிப் பிள்ளைகளுக்குச் சரியான எண்ணையும், இன்னொரு தொகுதிக்கு வேண்டுமென்றே குறைத்த எண்ணையும் கொடுத்தார்கள். குறைத்துக் கொடுத்தவர்களுக்குத்தான் எண் வேகமாக ஏறியது.

கான்டாக்ட் லென்ஸ் அதே வேலையைக் கார்னியாவின் மேலேயே உட்கார்ந்து செய்கிறது. மென்மையான கான்டாக்ட் லென்சுக்கு வழி திறந்தவர் செக் நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே. 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில், பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டுமானத் துண்டுகளால் அமைத்த கருவியில், வீட்டிலேயே அவற்றை வார்த்தெடுத்தார். இதில் கவனிக்க வேண்டியது சுத்தம். விடுதிக் குழாய்த் தண்ணீரில் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கலாம். அது லென்சுக்கும் கார்னியாவுக்கும் நடுவே புகுந்தால் பார்வையையே பறிக்கும் புண் வரலாம். அதனால் லென்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவுவதும், மாட்டிக்கொண்டே குளிப்பதும் தூங்குவதும் கூடாது.

மூன்றாவது வழியான லேசரின் கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இளநிலை, முதுநிலைப் பட்டங்கள் பெற்று அமெரிக்கா சென்ற ரங்கசாமி ஸ்ரீனிவாசன், நியூயார்க் மாநிலத்தில் ஐபிஎம் ஆய்வகத்தில் பணியாற்றினார். 1981 நவம்பரில், நன்றி தெரிவித்தல் திருநாள் விருந்தில் மிச்சமான வான்கோழித் துண்டுகளை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, 193 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதா லேசரை அவற்றின்மேல் பாய்ச்சினார். வழக்கமான லேசர் திசுவைக் கருக்கும். இதுவோ பக்கத்துத் திசுவைச் சுடாமல், மூலக்கூறுகளின் பிணைப்பை மட்டும் அறுத்து, நேர்த்தியாகச் செதுக்கியது. அவரும் உடன் பணியாற்றிய ஜேம்ஸ் வைன், சாமுவேல் ப்ளம் ஆகியோரும் கண்டறிந்த இந்த முறையைக் கண் மருத்துவர் ஸ்டீவன் ட்ரோக்கெல் கார்னியாவுக்குக் கொண்டுபோனார். லாசிக் சிகிச்சை அதிலிருந்து வளர்ந்தது.

லாசிக்கில் கார்னியாவின் மேலடுக்கை மெல்லிய மடலாகத் திறந்து, அடியில் உள்ள திசுவைச் செதுக்கி முகப்பைச் சற்றுத் தட்டையாக்குகிறார்கள். வளைவு குறைந்தால் ஒளி குறைவாக வளையும். பிம்பம் பின்னால் போகும். கார்னியாவின் மொத்தத் தடிமன் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். ஒரு டயாப்டருக்குச் சுமார் 12 முதல் 15 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை செதுக்க வேண்டும். அதனால்தான் எண் மிக அதிகமானவர்களுக்கும், கார்னியா மெலிந்தோ கூம்பு போலப் பிதுங்கியோ இருப்பவர்களுக்கும் மருத்துவர் மறுக்கிறார். 18 வயது நிறைந்து, ஓராண்டாவது எண் நிலையாக இருக்க வேண்டும் என்று கேட்பதற்கும் காரணம் உண்டு. வளர்ந்துகொண்டிருக்கும் கண்ணில் இன்று செதுக்கினால் நாளை மறுபடி கலங்கும். லேசர் பொருந்தாதவர்களுக்குக் கண்ணுக்குள், விழி லென்சுக்கு முன்னால், ஒரு செயற்கை லென்சைக் கூடுதலாகப் பொருத்தும் அறுவையும் இருக்கிறது. சிகிச்சைக்குப் பின் சில காலம் கண் உலர்வது பொதுவாக நடப்பது. இன்னொன்றையும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது: மைனஸ் இரண்டரை உள்ளவர் 45 வயதில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் செய்தித்தாள் படிக்கலாம். லேசர் செய்துகொண்டவர் அந்த வயதில் எல்லோரையும் போலப் படிக்கும் கண்ணாடி வாங்க வேண்டியிருக்கும்.

இம்மூன்றுக்கும் வெளியே விற்கப்படும் வழிகளும் உண்டு. கண் பயிற்சியால் கண்ணாடியைத் தூக்கி எறியலாம் என்று 1920இல் வில்லியம் பேட்ஸ் என்ற கண் மருத்துவர் நூல் எழுதினார். நீண்ட கண்ணை எந்தப் பயிற்சியும் குட்டையாக்கியதில்லை. சீனப் பள்ளிகளில் 1960களிலிருந்தே நாள்தோறும் கண் பயிற்சி உண்டு; ஷாங்காய் மாணவர்களின் கணக்கை மேலே பார்த்தோம். கேரட்டும் கீரையும் தரும் வைட்டமின் ஏ மாலைக்கண்ணைத் தடுக்கும், கிட்டப்பார்வையைத் தொடாது. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி கண் களைப்பைக் குறைக்கிறதா என்று 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பு, சாதாரணக் கண்ணாடியைவிடப் பயன் எதுவும் தென்படவில்லை என்று 2023இல் சொன்னது.

திருத்தத்துக்குப் பிறகும் இருப்பது

கண்ணாடியும் கான்டாக்ட் லென்சும் லேசரும் கொட்டகையின் கருவியறையில்தான் வேலை செய்கின்றன. பின்னால் போன திரையை எவரும் முன்னுக்குக் கொண்டுவரவில்லை. முன்பு மைனஸ் ஆறு இருந்து, லேசர் முடிந்து கண்ணாடி இல்லாமல் நடமாடும் பட்டதாரியின் கண் அதே 26 மில்லிமீட்டர் அளவிலேயே இருக்கும். கிட்டப்பார்வை பற்றி மாணவர்கள் அறிய வேண்டியவற்றுள் இதுவே தலையாயது. எண் காணாமல் போனாலும் நீளம் போவதில்லை.

நீளம் ஏன் முக்கியம்? கண் நீளும்போது விழித்திரையும் இழுபட்டு மெலிகிறது. மெலிந்த இடத்தில் கிழிசல் விழுந்து, விழித்திரை சுவரிலிருந்து பிரிந்து வரலாம். கூர்ந்த பார்வைக்குரிய மையப் பகுதி சிதைவதும், கண்ணழுத்த நோய் வருவதும் இவர்களிடம் கூடுதல். மைனஸ் ஆறையும் தாண்டியவர்களுக்கு இந்த ஆபத்துகள் வெகுவாக ஏறுகின்றன. மைனஸ் இரண்டு, மூன்று உள்ளவர்களும் முற்றிலும் தப்பியவர்கள் அல்லர். எனவே எண் அதிகமாக உள்ளவர்கள், லேசர் செய்துகொண்டிருந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை சொட்டு மருந்திட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணில் திடீரென்று மின்னல் வெட்டுவது, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதப்பது, ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல் நிழல் படர்வது ஆகிய மூன்றில் எது தோன்றினாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். தேர்வு முடியட்டும் என்று காத்திருந்தால் பிரிந்த விழித்திரையை மீட்கும் வாய்ப்பு குறையும். லேசருக்கு முன் எடுத்த அளவுகளின் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்; வயதான பின் கண்புரை அறுவைக்கு லென்சின் எண்ணைக் கணிக்க அந்தப் பழைய அளவுகள் மருத்துவருக்குத் தேவைப்படும்.

நீளலைத் தடுக்கும் காலம் பள்ளிப் பருவம். வெளிப்புற வெளிச்சத்தோடு, விளிம்பில் நுண் லென்சுகள் பதித்த சிறப்புக் கண்ணாடிகளும், மிகக் குறைந்த அடர்த்தியுள்ள அட்ரோபின் சொட்டு மருந்தும் இப்போது மருத்துவர் மேற்பார்வையில் பிள்ளைகளுக்குத் தரப்படுகின்றன. ஹாங்காங்கில் இரண்டாண்டுகள் சோதித்தபோது அத்தகைய கண்ணாடி எண் ஏறும் வேகத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. கிட்டப்பார்வை ஒரு டயாப்டர் குறைவாக நின்றாலே, பின்னாளில் விழித்திரையின் மையம் சிதையும் ஆபத்து 40 விழுக்காடு குறைகிறது என்று 2019இல் ஒரு கணக்கு வந்திருக்கிறது. 2050க்குள் உலகில் பாதிப் பேருக்குக் கிட்டப்பார்வை இருக்கும் என்ற மதிப்பீட்டை நினைத்தால், அந்த ஒரு டயாப்டர் சிறிய இலக்கு ஆகாது.

20 வயது மாணவருக்குத் தன் கண்ணைப் பொறுத்தவரை அந்தக் காலம் கடந்துவிட்டது. இனித் திருத்தமும் கண்காணிப்பும்தான். ஆனால் கண்ணாடி அணிந்த இதே பட்டதாரிகள்தான் சில ஆண்டுகளில் பெற்றோராகவும் ஆசிரியராகவும் ஆகப்போகிறவர்கள். மதிய இடைவேளையில் பிள்ளைகளை வெளியே விடுவதா, அல்லது வீட்டுப்பாடத்தை முடிக்கச் சொல்லி வகுப்பறையிலேயே உட்கார வைப்பதா என்று முடிவெடுக்கப்போவதும் அவர்களே.